அண்ணாச்சி கடையில் வட்டப் பொருளாதாரம்

(சிட்னி, பெண்டில் ஹில். கல்லாவில் அண்ணாச்சி. எதிரே, கம்பெனிகளுக்குச் சுற்றுச்சூழல் ஆலோசனை சொல்லும் தம்பி, லேப்டாப்போடு.)

தம்பி: இந்த ஸ்லைடைப் பாருங்க அண்ணாச்சி. இனிமே தொழில்னா வட்டப் பொருளாதாரம்தான். குப்பைங்கிற பேச்சே கிடையாது.

அண்ணாச்சி: அம்புக்குறி அழகா வளையுது. கோல்ஸ், வுல்வொர்த்ஸ் சூப்பர் மார்க்கெட் வாசல்ல ரெட்சைக்கிள் பெட்டி நின்னுதுல்லா, அதுமாதிரியா?

தம்பி: அருமையான திட்டம் அது! பிரெட் கவர், பிஸ்கட் உறை எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாங்க.

அண்ணாச்சி: வாங்கி?

தம்பி: பத்திரமா வச்சிருந்தாங்க.

அண்ணாச்சி: கிடங்குலதானே? 2022 நவம்பர்ல குட்டு உடைஞ்சுது. நாடு பூரா சுமார் 11,000 டன் மலைமலையா கெடந்துச்சு. எங்க வீட்டம்மா சிப்ஸ் பாக்கெட்டைக் கழுவி, காயப்போட்டு, மடிச்சுக் கொண்டுபோய்ப் போட்டா தம்பி. கல்யாணப் பட்டைக்கூட அப்படி மடிச்சதில்ல.

தம்பி: அந்தக் கவரை எடுத்துக்கிட்ட மெல்போர்ன் ஆலை தீப்பிடிச்சிடுச்சே, ரெட்சைக்கிள்காரங்க என்ன பண்ணுவாங்க?

அண்ணாச்சி: சேர்க்க கடைக்கொரு பெட்டி. உருக்கிச் செய்ய விரல்விட்டு எண்ணுற ஆலை. செஞ்சதை வாங்க ஆளைக் காணோம். இப்படிச் சரக்கு எடுத்தா நான் என்னைக்கோ ஷட்டரை இழுத்திருப்பேன். 2023ல அரசாங்கம் அதட்டின பிறகுதான் பெரிய கடைக்காரங்களே அந்த மூட்டைக்குப் பொறுப்பேத்தாங்க.

தம்பி: சரி, பாட்டில்? 2017 டிசம்பர்லேர்ந்து இங்க காலி பாட்டில், கேனைத் திருப்பிக் கொடுத்தா 10 சென்ட். 2023ல விக்டோரியாவும் வந்தாச்சு.

அண்ணாச்சி: அது ஓடும். கையில காசு விழுதுல்லா. நீலகிரியில 2022லயே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கி, காலியைக் கொடுத்தா திருப்பிக் கொடுத்தான். உங்க 10 சென்ட் அந்த 10 ரூபா தேறுமா?

தம்பி: டாஸ்மாக்கை எப்படி ஸ்லைடுல போடுறது!

அண்ணாச்சி: போடு. குடிச்சவனே பாட்டிலைத் திருப்பித் தர்றான். கவர் போட்டு விக்கிற கம்பெனிகிட்டயும் முன்பணம் வாங்கு. அந்தக் கவர் வேற பொருளாகி வித்த பிறகு திருப்பிக் கொடு.

தம்பி: இதைச் சொன்னா எனக்கு எவன் கான்ட்ராக்ட் தருவான்? அது சரி, உங்க இட்லி மாவு மட்டும் வாழையிலையிலயா இருக்கு?

அண்ணாச்சி: பிளாஸ்டிக் டப்பாதான். கழுவிக் கொண்டாந்தா 1 டாலர் கம்மின்னு எழுதி ஒட்டினேன்.

தம்பி: வருதா?

அண்ணாச்சி: எதிர்க்கடை டப்பாவும் சேர்ந்துல்லா வருது!