புள்ளி வைத்துக் கோடு இழுத்து

கே: ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) உரிமத்துக்குப் படிக்கிறேன். கைப்பேசிக் காலத்தில் மோர்ஸ் தேர்வு எதற்கு?
(ஆய்க்குடி மாணவி)

ப: உரிமத்துக்கு இரண்டு வாசல் உண்டம்மா. 1978-இல் வந்து பிறகு திருத்தப்பட்ட விதிகளில், கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மோர்ஸ் கிடையாது. பொது நிலைக்குத்தான் நிமிடத்துக்கு 8 சொல். முன்பு 12. மோர்ஸில் புள்ளி ‘டிட்’ என்றும் கோடு ‘டா’ என்றும் ஒலிக்கும்; எட்டுச் சொல் வேகத்தில் ஒரு ‘டிட்’டின் ஆயுள் 0.15 விநாடி!

என் கட்சி இது: தேர்வு போகட்டும், மோர்ஸ் இருக்கட்டும். ஆபத்தில் சிக்கிய கப்பல் மோர்ஸில் கூப்பிட்ட காலத்தில், அலைவரிசையில் இருக்கும் எல்லாருக்கும் அது புரிந்தாக வேண்டும். அதில் நியாயம் இருந்தது. 1999 பிப்ரவரி 1 முதல் கப்பல்களே அதைக் கைவிட்டன. 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு, தேர்வு வேண்டுமா என்பதை அந்தந்த நாட்டிடமே விட்டது. பிரிட்டன் அந்த ஆண்டே நீக்கியது, அமெரிக்கா 2007-இல். கல்யாணம் முடிந்து ஊரே போன பிறகும் நாம் பந்தலைப் பிரிக்காமல் காவல் இருக்கிறோம்.

கே: பேரிடரில் கைகொடுப்பது மோர்ஸ்தானே?
(செங்கோட்டை வாசகர்)

ப: கைகொடுப்பது ஆள். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. தொடர்பு அறுந்த தீவுகளின் செய்தி அவர்கள் வழியாக வெளியே வந்தது. கருவியும் உரிமமும் உள்ளவர் ஊருக்கு ஒருவராவது வேண்டும். மோர்ஸுக்குப் பயந்து ஒருவர் ஒதுங்கினாலும் நஷ்டம் ஊருக்குத்தான்.

கே: அப்படியானால் மோர்ஸ் செத்த மொழியா?
(குற்றாலம் வாசகர்)

ப: இல்லவே இல்லை! பேச்சுக்கு அலைவரிசையில் சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 போதும். ஐந்தருவியாகப் பிரிந்து விழும் தண்ணீரை ஒரே குழாயில் விட்டால் எப்படிப் பீய்ச்சும்? அப்படித்தான் 5 வாட்டில் அனுப்பும் டிட்-டா இரைச்சலைத் துளைத்துக் கடல் தாண்டும். கையால் கோத்த சின்னச் சுற்று போதும். பேச்சு மங்கிக் கரையும் இடத்தில் மோர்ஸ் காதில் விழும்.

கே: தேர்வு இல்லாவிட்டால் யார் கற்பார்கள்?
(தென்காசி ஆசிரியர்)

ப: தேவையும் ஆசையும் உள்ளவர்கள். டானியா ஃபின்லேசன் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர். தலையசைவில் பொத்தானைத் தட்டி மோர்ஸில் பேசுகிறார். அவர் துணையோடுதான் 2018-இல் கூகுள் தன் விசைப்பலகையில் மோர்ஸைச் சேர்த்தது. ஒரு விரலோ கன்னமோ அசைந்தால் போதும், வாய் திறக்காமலே வாக்கியம் பிறக்கும். 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இயங்கும் ஆய்க்குடியில் இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஊரில் காது கேளாத ஒரு பிள்ளை பொது நிலை கேட்டால், டிட்-டா ஒலியைக் கேட்டு எழுதச் சொல்வோமா?

ஆய்க்குடி மாணவிக்கு மறுபடியும்: பட்டியலைப் பார்த்து மனப்பாடம் செய்யாதே, காதால் பழகு. ஆங்கில ‘ஈ’ (E) எழுத்துக்கு ஒரே டிட், ‘டி’க்கு (T) ஒரே டா. இன்று மாலைக்கு இந்த இரண்டு போதும்.