வளவை இடிக்கப் போற மருமவனுக்கு

ஏலே மருமவனே, வளவை இடிச்சுட்டு நாலு மாடி ஏத்தப் போறியாமே? ‘சர்வீஸ் அப்பார்ட்மென்ட்’டுன்னு போர்டு எழுதவும் குடுத்தாச்சாம். நல்லா இரு. சிலாநத்தத்துல 2025 ஆகஸ்ட்ல வியட்நாம்காரன் வின்ஃபாஸ்ட் கார் கம்பெனி தெறந்தாலும் தெறந்தான், நம்மூர்ல திண்ணை வச்சிருக்கவன்கூட துபாய் ஷேக்கு கணக்காத்தான் பேசுதான்.

வளவுல யாரு குடியிருக்கான்னு என்னைக்காவது எட்டிப் பாத்தியால? எட்டுக் குடி. ஒரு அடிபம்பு, ரெண்டு கக்கூசு. காலையில வாளிச் சண்டையைக் கேட்டா சினிமாவுக்கே போவ வேண்டாம். ஆனா உப்பளத்துக்குப் போறவ வெயில் ஏறுமுன்ன பாத்தியில எறங்கணும். மீன் விக்கிறவ தெரேஸ்புரத்துல வள்ளம் கரையேறும்போது ஏலத்துல நிக்கணும். நீ வெரட்டி, தூரத்துலருந்து மூணு பஸ் மாறி வந்தா மீனு காத்துக் கெடக்குமால?

அவியளுக்குத்தான் கவர்மெண்டு வீடு இருக்கேம்ப. இருக்கே! 1970ல குடிசை மாற்று வாரியம் வந்தப்போ, சென்னையில குடிசை இருந்த எடத்துலயே மாடி கட்டிக் குடுத்தாவ. பொறவு கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஊரு ஓரத்துக்குத் தள்ளிட்டாவ. வீடு இங்கன, வேலை அங்கன. 2020ல டெல்லிக்காரவிய என்ன சொன்னாவ தெரியுமா? அரசாங்கம் கட்டி சும்மா கெடக்குத வீட்டையெல்லாம் வெளியூர்த் தொழிலாளிக்கு வாடகைக்கு விடலாம்னாவ. வாடகை வீடு தேடி நாக்குத் தள்ளுத நாட்டுல, கட்டின வீடு ஏம்ல சும்மா கெடந்துச்சு? கொஞ்சம் ரோசனை பண்ணு.

சட்டம் பேசுவியே, அதையும் சொல்லிருதேன். 1960ஆம் வருசத்து வாடகைச் சட்டத்தைத் தூக்கிட்டு 2019 பிப்ரவரியில புதுசு கொண்டாந்தாவ. அட்வான்சு மூணு மாச வாடகைக்கு மேல வாங்கப்புடாது. அடேயப்பா! கூடவே, ஒப்பந்தத்துல வேற மாதிரி பேசிக்கிட்டா அதுபடின்னும் வச்சிருக்காவ. ஒப்பந்தம் எழுதுதது யாருல? மீன்காரியா, நீயா?

ஓடு ஒடஞ்சிருக்கா? மாத்து. கக்கூசு இன்னும் ரெண்டு கட்டு. மேல ஒரு தட்டு போட்டு நாலு குடிய கூட வையி. வாடகையில எரநூறு ஏத்தினா மொணங்கிக்கிட்டே குடுப்பாளுவ. மாசம் பொறந்தா தவறாம வாடகை தாரவளை வெரட்டிட்டு, வியட்நாம்காரன் எப்ப வருவாம்னு வாசல்ல உக்காரப் போறியாக்கும்? உன் மச்சினன் போட்ட பிளான்ல ‘சீ வியூ’ன்னு வேற எழுதியிருக்கானாமே. நானும் மச்சுல ஏறிப் பாத்தேம்ல. தெர்மல் பொகைக்கூண்டுதான் தெரியுது.