ஐந்தெழுத்துக்கு ஓர் உரை

மயிலாப்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஐந்தெழுத்து என்றால் ஒன்றுதான். இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வேறு: பி0016. என் குட்டி எஸ்யூவியின் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்த அன்று ஸ்கேனர் திரையில் காட்சி கொடுத்த மூலபாடம்.

முதலில் பதவுரை. 'பி' என்பது பவர்டிரெய்ன். இன்ஜினும் கியரும் அதில் அடக்கம். அடுத்த சுழி, எல்லாக் கம்பெனிக்கும் பொதுச்சொல் என்பதன் குறி. அங்கே 1 வந்தால் அந்தக் கம்பெனியின் திசைச்சொல். மிச்சமுள்ள 016, கிராங்க்‌ஷாஃப்டும் கேம்ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை என்கிறது. நன்னூல் சொல்லும் ஏழு வழுக்களில் இது கால வழு.

பொழிப்புரைக்கு டி.டி.கே. சாலை வரை போனால் போதும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. நாரத கான சபாவில் பாடகர் முதல் காலத்தில் நிற்க, மிருதங்கம் இரண்டாம் காலத்தில் போகிற மாதிரி. இரண்டையும் பிணைப்பது டைமிங் செயின். சென்சார் இரண்டும் முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் ரசிகர்கள். எடுப்பு சில டிகிரி தள்ளி விழுந்தால் விளக்கு எரியும். தப்பு யாருடையது என்பதை மட்டும் மூலம் சொல்லாது. உரையாசிரியர்கள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் என்று பலர். என் வண்டிக்கு மூவர். சர்வீஸ் சென்டர் உரை: "செயின் செட்டே மாத்திடணும் சார்." அந்தத் தொகைக்குப் பல மார்கழிக்கு சீசன் டிக்கெட் எடுக்கலாம். மேல்வீட்டு மாமா உரை: "சென்சார்தான்டா, ஒயரைப் பிடுங்கிச் சொருகு." சந்துக்கடை மெக்கானிக் உரையே சொல்லவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி, வேஸ்ட் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு.

"ஆயில் மாத்தி எவ்வளவு நாள் ஆச்சு சார்?"

"ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றேன். இது விடை வழு. நாள் கணக்கில் இரண்டு வருஷம். மெட்ரோ பள்ளத்தைச் சுற்றி லஸ் போய்வருகையில், சக்கரம் உருளாமல் இன்ஜின் மட்டும் உறுமிய நேரத்தை ஓடோமீட்டர் எண்ணாது. கேமின் நேரத்தை முன்பின் நகர்த்தும் வால்வும், பெரும்பாலான வண்டிகளில் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தை நம்பி இருப்பவை. ஆயில் வற்றிக் கசடானால் தாளம் தப்பாமல் என்ன செய்யும்?

ஆயில், ஃபில்டர் மாற்றி, வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பிறகுதான் ஸ்கேனரில் குறியை அழித்தார். வேலை பார்க்காமல் அழித்துக் கொடுப்பவர்களும் உண்டு. அது ஏட்டைச் சுரண்டிப் பாடபேதம் தீர்க்கிற கதை.

சர்வீஸ் சென்டர் உரையையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் வந்தால் அதுவே சிறந்த உரை. செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

விளக்கு அணைந்து நாலு மாசம் ஆகிறது. மாமா இன்னமும் சென்சார் கட்சிதான்.