பதினேழாம் நம்பர் கூலர்

தில்லியில் ஏப்ரல் பிறந்ததும் அரசு அலுவலகங்களில் ஹீட்டர்கள் ஸ்டோர் ரூமுக்குத் திரும்பும், கூலர்கள் அங்கிருந்து கிளம்பும். நவம்பரில் நேர் எதிர். இந்தப் போக்குவரத்தை எழுதி வைக்க எங்கள் அலுவலகத்தில் ஒரு லெட்ஜர் இருந்தது. (அலுவலகத்தின் பெயர் வேண்டாம், பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது.) அதில் எழுதியதைவிட அழித்தது அதிகம். ஒயிட்னர் பூசிப் பூசிச் சில பக்கங்கள் சுண்ணாம்பு அடித்த திண்ணை மாதிரி மேடு தட்டியிருந்தன. கையால் தடவினாலே எது எழுத்துப்பிழை, எது வேறு பிழை என்று சொல்லிவிடலாம். வேறு பிழையில் பூச்சு கொஞ்சம் கனமாக இருக்கும்.

2008இல் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நேரு பிளேஸில் ஒரு மாடிப்படிக்கு அடியில் நடந்த மாலை வகுப்பில் ஆறு மாதம் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸெஸ் படித்திருந்தேன். படித்த வித்தை கையை அரித்தது. ஆக்ஸெஸ் என்பது எக்ஸலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. 1992இல் பிறந்தவன், வீட்டில் பாதிப் பேருக்கு முகமே தெரியாது. ஆனால் கல்யாணம் என்று வந்துவிட்டால் சமையல்கட்டு, பந்தி, மொய் நோட்டு எல்லாம் அவன் கையில்தான். லெட்ஜர் முழுவதையும் அதில் ஏற்றினேன். எந்த அறையில் எந்தக் கூலர், யார் கையெழுத்து, எப்போது திரும்ப வேண்டும், எல்லாம் ஒரு பட்டனில். என் மேஜையில் எண்ணெய் போட்ட ராட்டினம் மாதிரி ஓடியது.

மேஜையில் ஓடியதை 42 கம்ப்யூட்டர்களில் ஓடவைக்கப் புறப்பட்டபோதுதான் வந்தது வினை.

முதலில் செக்‌ஷன் ஆபீசரின் கம்ப்யூட்டர். அதில் ஆக்ஸெஸ் 2003. ஐகானை இரண்டு தட்டு தட்டினேன். திரையில் ஒரு பெட்டி எழுந்தது. உங்கள் கணினிக்குத் தீங்கு செய்யும் நோக்கத்துடன் எழுதப்பட்ட நிரல் இதில் இருந்தால், இந்தக் கோப்பு பாதுகாப்பற்றதாக இருக்கலாம், திறக்கவா, விடவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. நிதானமாகப் படித்தால் அதில் குற்றச்சாட்டே கிடையாது. ‘இருந்தால்’, ‘இருக்கலாம்’. எங்கள் ஊர் ஜோசியர் சொல்வார், கண்டம் இருந்தால் கஷ்டம் வரலாம் என்று. அந்த ரகம். ஆனால் செக்‌ஷன் ஆபீசருக்கு அதில் இரண்டு வார்த்தைகள்தான் கண்ணில் பட்டன: ஃபைல், ஹார்ம்.

அரசு அலுவலகத்தில் ஃபைல் என்றால் என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. நாடா கட்டி, நோட் ஷீட் வைத்து, மேலே போய்க் கீழே வந்து, கடைசியில் அலமாரியில் சமாதி அடைவது அது. அந்த ஃபைல் பாதுகாப்பாக இல்லை என்று எழுத்தில் வந்தால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

“இந்த நோட்டை யார் போட்டது?” என்றார்.

“கம்ப்யூட்டர் சார்.”

“கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது?”

“இதை எழுதியவர் யாரென்று தெரியவில்லை என்பதால் அதுவாகக் கேட்கிறது சார்.”

“எழுதியது நீதானே?”

“ஆமாம் சார்.”

“உன்னை அதற்குத் தெரியாதா? பத்து வருஷமாக இங்கேதானே உட்கார்ந்திருக்கிறாய்?”

நியாயமான கேள்வி. மூன்றாவது மேஜையில் டீ குடித்துக்கொண்டிருப்பவனைத்தான் அந்தப் பெட்டி இனம் தெரியாதவன் என்றது. அவர் திரையை அப்படியே பிரின்ட் எடுக்கச் சொன்னார். அதில் ‘ஏ’ என்று ஃபிளாக் குத்தி, உத்தரவுக்காக மேலே அனுப்பினார். எட்டு மாதம் போயிற்று. கூலர் எல்லாம் உள்ளே போய், ஹீட்டர் வெளியே வந்து, ஹீட்டரும் உள்ளே போனது.

காத்திருந்த எட்டு மாதத்தில் அந்தப் பெட்டியின் பூர்வீகத்தைத் துருவினேன். 1999 மார்ச்சில் மெலிசா என்று ஒரு வைரஸ் கிளம்பியது. பார்வைக்கு ஒரு சாதாரண வேர்ட் டாக்குமென்ட். திறந்தால் உள்ளே இருக்கும் மேக்ரோ என்ற குட்டி நிரல் உங்கள் முகவரிப் புத்தகத்திலிருந்து முதல் ஐம்பது பேருக்குத் தன்னையே தபால் போட்டுக்கொள்ளும். இந்த மாதிரி ஆசாமிகள் வந்து போன பிறகு, வயிற்றில் நிரல் வைத்திருக்கும் ஆபீஸ் கோப்பு எதுவானாலும் சந்தேகக் கேஸ்தான். தில்லியில் வீடு வாடகைக்குக் கேட்டால் முதலில் போலீஸ் வெரிஃபிகேஷன் ஃபாரத்தை நீட்டுவார்கள். நீங்கள் மலை மந்திர் முருகன் கோயிலில் தினம் கந்த சஷ்டி கவசம் சொல்பவராக இருக்கலாம். ஃபாரத்துக்கு அதெல்லாம் தெரியாது. என் கூலர் பதிவேடும் அப்படி வாசலில் நின்றது.

உத்தரவு ஒருவழியாக வந்தது. பாதிக் கம்ப்யூட்டர்களில் ஆக்ஸெஸ் 2007. அது இன்னும் மோசம். பெட்டி எதுவும் போட்டுக் கத்தாது. மேலே ஒரு பட்டையில் சிறிய கேடயம் போட்டு, சில உள்ளடக்கங்கள் முடக்கப்பட்டுள்ளன என்று முணுமுணுக்கும். எவை என்று சொல்லாது. பதிவேடு திறக்கும், அழகாக நிற்கும், பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இன்டர்காம் அடித்துக்கொண்டே இருந்தது. “உங்கள் சாமான் செத்துவிட்டது” என்பார்கள். சாகவில்லை, அந்தப் பட்டையில் ஆப்ஷன்ஸ் என்று இருக்கிறது, அதைத் தட்டி அனுமதி கொடுங்கள் என்பேன். எந்தப் பட்டை என்பார்கள். மேலே என்பேன். மேலே ஃபேன்தான் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். கிண்டல் செய்தாரா, மெய்யாகவே அண்ணாந்து பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதற்கு முறையான வைத்தியம் டிஜிட்டல் கையொப்பம். செக்‌ஷன் ஆபீசரிடம் சொன்னேன். “யார் கையெழுத்து? பச்சை மையா, நீலமா?” என்றார். எங்கள் உலகத்தில் பச்சை மையை ஜாயின்ட் செக்ரட்டரியும் அவருக்கு மேலே உள்ளவர்களும்தான் தொடலாம். மையே இல்லாத கையெழுத்து என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

ஆபீஸ் தொகுப்புடனேயே ஒரு குட்டிக் கருவி வந்தது, செல்ஃப்செர்ட் என்று. நமக்கு நாமே சான்றிதழ் அடித்துக்கொள்ளலாம். அடித்தேன். என் கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டது; மற்ற 41 கம்ப்யூட்டர்களும் ‘நீ யார் உனக்குச் சான்று சொல்ல?’ என்றன. அந்தக் காலத்தில் மார்க் ஷீட் நகலுக்கே கெஜட்டட் ஆபீசரின் அட்டெஸ்டேஷன் வேண்டும். தெருவுக்கு ஒரு கெஜட்டட் ஆபீசர் இருக்கும் ஆர்.கே. புரத்திலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் அசலும் நகலுமாக மாணவர்கள் வாசலில் நிற்பார்கள். அவர் நம்மை முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டார். இருந்தாலும் அவருடைய ரப்பர் ஸ்டாம்ப் விழுந்தால்தான் நாம் நாமாவோம். சுயசான்றொப்பம் போதும் என்று மத்திய அரசு ஊக்கப்படுத்தியது பின்னால்தான்.

2014இல் ஸ்டாம்ப்காரர்கள் உலகத்திலேயே ஒரு கூத்து நடந்தது. கூகுளின் இணையதளங்கள் பேரில், கூகுளுக்கே தெரியாமல், சான்றிதழ்கள் உலவுவது ஜூலை மாதம் வெளியே வந்தது. நூல் பிடித்துப் போனால் முனை நம்ம லோதி ரோடு சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸில் இருந்தது, நேஷனல் இன்ஃபர்மேட்டிக்ஸ் சென்டரின் சான்றளிக்கும் பிரிவில். அதற்கு மேலதிகாரியான கட்டுப்பாட்டாளரின் அலுவலகமும் அதே வளாகம்தான். அவர் அந்தப் பிரிவின் சான்றுகளை ரத்து செய்தார். மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கியது. செய்தியைப் படித்த அன்று, என் செல்ஃப்செர்ட் சான்றிதழை ஒருமுறை திறந்து பார்த்தேன். பாவம், அது யாரையும் ஏமாற்றவில்லை. யாரும் அதை நம்பினால்தானே?

என் கூலர் கதைக்குத் திரும்பினால், கடைசியில் கைகொடுத்தது ‘நம்பகமான இடம்’ என்ற ஏற்பாடு. இது 2007இல் வந்த வசதி. ஒரு ஃபோல்டரை நம்பகமானது என்று பதிந்து வைத்துவிட்டால் அதற்குள் இருக்கும் எந்தக் கோப்பையும் ஆக்ஸெஸ் கேள்வி கேட்காது. ஆளைப் பார்க்காது, விலாசத்தைப் பார்க்கும். தில்லிக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். எந்தக் காலனி, எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே சம்பந்தமே பேசுவார்கள்.

சி டிரைவில் ‘ஸ்டோர்’ என்று ஒரு ஃபோல்டர். அதை நம்பச் சொல்லி ரெஜிஸ்ட்ரியில் எழுத ஒரு குட்டிக் கோப்பு. தட்டினால், இதை அனுப்பியவரை நம்பாவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் சேர்க்காதீர்கள் என்று அது ஒரு எச்சரிக்கை போட்டது! சரி, அதை ஓட்ட ஒரு பேட்ச் கோப்பு எழுதி சர்வரில் வைத்தேன். வெளியிட்டவரைச் சரிபார்க்க முடியவில்லை என்று விண்டோஸ் தன் பங்குக்கு இன்னொரு பெட்டி போட்டது. ஒரு எச்சரிக்கையை ஒழிக்க இரண்டு எச்சரிக்கைகளைத் தாண்ட வேண்டும். இதில் இன்னொரு சூட்சுமம், அந்தப் பதிவு கம்ப்யூட்டருக்கு அல்ல, அதில் லாகின் செய்கிற ஆளுக்கு. எங்கள் அலுவலகத்தில் இடமாற்றம் பருவமழையைவிட ஒழுங்காக வரும். புது ஆள் வந்து உட்கார்ந்ததும் பட்டையும் வந்து உட்காரும்.

பொறுமை இழந்த ஒரு நாளில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டு அடித்து, 42 மானிட்டர்களின் நெற்றியிலும் செல்லோ டேப்பால் ஒட்டினேன்: ‘கம்ப்யூட்டர் எது கேட்டாலும் ஓப்பன், எஸ், அலவ் — இவற்றில் எது இருக்கிறதோ அதை அழுத்தவும்.’

இன்டர்காம் ஓய்ந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பியூன்தான் எல்லாரையும்விட வேகம். படித்தவர்கள்தான் படித்துவிட்டுத் தயங்கினார்கள். நாளடைவில் அவர்களும் தேறினார்கள்.

முதல் ரிப்போர்ட்டை எடுத்தேன். தலைப்பு: திரும்பி வராத கூலர்கள். ஒரே ஒரு வரி. கூலர் எண் 17, கொடுத்தது 2005 ஏப்ரல், வாங்கியவர் பெயர்... லெட்ஜரில் வெளிச்சத்தில் பிடித்து, ஒயிட்னருக்குப் பின்னால் படித்து நானேதான் ஏற்றியிருந்தேன், ஏற்றும்போது உறைக்கவில்லை. செக்‌ஷன் ஆபீசர். அவர் அறையில் இருப்பதோ ஏ.சி.

கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தினார். ஸ்பெஷல் டீ, மட்ரி. எனக்கு அன்றுதான் புரிந்தது, அந்தப் பெட்டி தீங்கு தீங்கு என்று சொன்னதை அலுவலகத்திலேயே சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். “ரிக்கார்டைக் கொஞ்சம் சரிசெய்துவிடு” என்றார் இந்தியில், சட்டைக் காலரைச் சரிசெய்யச் சொல்வது போல. என் வருடாந்திர ரகசிய அறிக்கையை எழுதுபவர் அவர். பெயர் இருந்த இடத்தில் ‘தாற்காலிகம்’ என்று அடித்தேன். லெட்ஜராக இருந்தால் மேடாவது தட்டியிருக்கும். என் பதிவேட்டைத் திரை முழுக்கத் தடவினாலும் ஒன்றும் தெரியாது.

பிறகு ஒரு நாள் யாரோ பென் டிரைவில் மகள் கல்யாண ஃபோட்டோ கொண்டுவந்தார். கூடவே மஞ்சள் ஃபோல்டர் வேஷத்தில் ‘நியூ ஃபோல்டர்’ வைரஸ். அது நிஜமான ஆபத்து. அதற்கு விண்டோஸ் ஒரு பெட்டிகூடப் போடவில்லை. பென் டிரைவ் வழியாக வந்தவனை அது வெளியூர்க்காரனாகவே நினைக்கவில்லை. ஆன்டிவைரஸ் மட்டும் திரை மூலையில் தலைநீட்டிக் கேட்டது. அந்த மனிதர் நெற்றிச் சீட்டை ஒருமுறை பார்த்தார், அலவ் அழுத்தினார். அடுத்த மேஜைக்காரரும் அழுத்தினார். டாஸ்க் மேனேஜர் போயிற்று, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் போயிற்று, எனக்கு இரண்டு வாரம் சனி ஞாயிறு போயிற்று. 42 சீட்டையும் நானே உரித்தேன். கோந்துத் தடம் மட்டும் போகவில்லை.

2022 நவம்பர் 23 அன்று எய்ம்ஸின் சர்வர்கள் தாக்கப்பட்டு முடங்கி, நோயாளிகளின் பதிவிலிருந்து ரிப்போர்ட் வரை கையால் எழுதும்படி ஆனபோது நான் ஓய்வு பெற்று மயூர் விஹாரில் இருந்தேன். டி.வி.யில் அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சீட்டின் எழுத்துருகூட நினைவுக்கு வந்தது.

அடுத்த ஏப்ரலில் பழைய அலுவலகத்திலிருந்து ஃபோன். ஸ்டோர் செக்‌ஷனுக்கு வந்திருக்கும் நம்ம ஊர்ப் பெண், மதுரைப் பக்கம். ஆடிட்டுக்காகக் கூலர் பதிவேட்டை யாரோ ஸிப் செய்து மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். திறந்தால் சிவப்புப் பட்டையாம்.

“மஞ்சள் இல்லையாம்மா?”

“சிவப்பு சார். அழுத்துறதுக்கு ஒண்ணும் இல்ல. மேலும் அறியன்னு மட்டும் இருக்கு.”

2022இல் வந்த ஏற்பாடு அது. இணையத்திலிருந்து இறங்கிய கோப்பின் மேக்ரோக்களை ஆபீஸ் தானாகவே தடுத்துவிடும். ஜூலையில் நடுவே நிறுத்திவைத்து, சில வாரத்தில் மறுபடி ஆரம்பித்தார்கள். இறங்கும்போதே விண்டோஸ் கோப்பின் நெற்றியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்திவிடுகிறது. எஃப்.ஏ.டி. முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஒருமுறை போட்டு எடுத்தால் போய்விடும், ஆற்றில் முங்கினால் பாவம் போவது மாதிரி. யமுனையைச் சொல்லவில்லை, அதில் இப்போது முங்கினால் புதிதாக ஏதாவது ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு நேர்வழியைச் சொன்னேன். கோப்பின் மேல் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், கீழே அன்பிளாக் என்று ஒரு கட்டம், அதில் டிக்.

“தொறந்துடுச்சு சார்!”

பதினைந்து வருஷம் கழித்தும் ஓடுகிறது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

“சார், பதினேழாம் நம்பர் கூலர் 2005லேர்ந்து திரும்பி வரலன்னு காட்டுது. வாங்கினவங்க பேர்ல தாற்காலிகம்னு போட்டிருக்கு.”

“ம்.”

“அந்தச் சிவப்புப் பட்டையில, இந்தக் கோப்போட மூலம் நம்பத்தகுந்தது இல்லன்னு இருந்துச்சு. மூலம்னா யாரு சார்?”

ஜன்னலுக்கு வெளியே யாரோ கூலருக்குப் புதுப் புல்தட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அங்கே வெயில் ஆரம்பிச்சிடுச்சாம்மா?” என்று கேட்டேன்.