வறுவலே, பொய் சொல்லாமல் உன்னைப் புகழ்கிறேன்

உருளைக்கிழங்கு வறுவலே, உன்னைப் புகழத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒரு சொல்லும் பொய்யாக இருக்காது.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவையார் புகழ்ந்ததும் அப்படித்தான். ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளவென்று இருப்பதாகச் சொன்னார். அவை உண்மையிலேயே அப்படித்தான் இருந்தன. போர்க்களம் காணாத ஆயுதங்கள் என்பதும் அந்தப் புகழுக்குள்ளேயே இருந்தது. புறநானூறு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்தத் தொண்டைமான் ஆண்ட தொண்டை நாட்டில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருக்கும் சேரப்பணஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு, எண்ணெய் பூசிப் பளபளக்கும் உன்னை நான் புகழ்கிறேன்.

வாங்கியதை விட்டுக்கொடுக்காத குணம் உன்னுடையது. கால் கிலோ கிழங்கை வட்டமாக நறுக்கி, இரும்புச் சட்டியில் நான்கு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு வறுத்துப் பார்த்தேன். போட்டதும் சடசடவென்று நீர் ஆவியாகிப் போகிறது. ஓரம் சிவந்து, மிளகாய்த்தூள் வாசம் ஏறி, இறக்கும் நேரத்தில் சட்டியின் அடியில் ஒரு பூச்சு மட்டும் மிச்சம். விட்ட எண்ணெய் ஏறக்குறைய அத்தனையும் நீ வாங்கிக்கொண்டாய். நீர் வெளியேறிய நுண்துளைகளில் எண்ணெய் போய் உட்கார்கிறது. அடுப்பிலிருந்து இறக்கி ஆறும்போது மேலே ஒட்டியிருப்பதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறாய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் ஏறக்குறைய 120 கலோரி. நாலு பேர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு எண்ணெயில் மட்டும் 120. கிழங்கின் பங்கு அதில் பாதிகூட வராது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரித் தட்டுக்கு நாள் முழுவதற்கும் வைத்த எண்ணெய் 27 கிராம். ஒரு வேளைத் தொட்டுக்கையாக வந்து அதில் பாதியை எடுத்துக்கொள்கிறாய். குழம்புக்கும் தோசைக்கும் மீதியில்தான் சமாளிக்க வேண்டும்.

உன் குலப்பெருமையையும் சொல்லியாக வேண்டும். 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 வகை உணவுகளைக் கொடுத்து, எது எவ்வளவு பசி தாங்குகிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. அத்தனை உணவிலும் அதுதான் முதலிடம். எண்ணெயில் பொரித்த கிழங்குக்குக் கிடைத்தது 116. உன்னைப் பெற்ற கிழங்கைப் போல வயிறு நிறைத்தது அந்தப் பட்டியலில் எதுவுமில்லை. சட்டியில் இறங்கியதும் அந்தப் பெருமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வெந்த கிழங்கு 100 கிராமில் 90 கலோரிக்குள். குச்சி குச்சியாகப் பொரித்தால் 310-ஐத் தொடுகிறது. சிப்ஸ் ஆக்கினால் 530-ஐத் தாண்டுகிறது.

பக்கத்துப் போர்ஷனில் தேனியிலிருந்து வந்த ஒரு தம்பி இருக்கிறான். ஒரகடத்தில் ஓர் ஆலையில் ஷிஃப்ட் வேலை. வந்த மூன்று வருஷத்தில் 11 கிலோ ஏறிவிட்டது என்று கவலைப்பட்டு, போனில் ஒரு டயட் சார்ட் வாங்கி வைத்திருக்கிறான். “அண்ணே, ராத்திரிச் சோத்தைப் பாதியாக் குறைச்சிட்டேன். ரெண்டு மாசமாச்சு, எடை இறங்கவே மாட்டேங்குது” என்றான். மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினான். ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் ரசம், சோறு இருந்த இடத்தில் குவியலாக நீ. மூடியின் உள்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் வளையம். அவன் விட்டது ஒரு கப் சோறு, 200 கலோரி. உன்னால் அதற்கு மேலேயே உள்ளே போயிருக்கிறது. சார்ட்டில் உன் பெயருக்கு நேரே “அளவோடு” என்று ஒரே ஒரு சொல். எத்தனை கிராம், எத்தனை சொட்டு எண்ணெய், வாரத்தில் எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. பசியோடு இருக்கிறவனிடம் அளவோடு என்று மட்டும் சொல்வது அவனைக் கைவிடுவதுதான்.

எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்கும் பெருமையும் உனக்கு உண்டு. பீகார்ப் பையனும் ஒடிசாப் பையனும் திருவண்ணாமலைப் பெண்ணும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிற பதார்த்தம் ஆலைக் கேன்டீனில் நீ ஒன்றுதான். மூட்டையில் வாரக்கணக்கில் அழுகாமல் கிடப்பாய். கீரையைப் போல ஆய வேண்டாம், அவரைக்காயைப் போல நார் உரிக்க வேண்டாம். விலையும் கட்டுப்படியாகும். சமையல் ஒப்பந்தக்காரருக்கு உன்னைப் போல ஒத்தாசை வேறு யார்? அந்த ஒத்தாசையால்தான் கீரையும் கொத்தவரங்காயும் இருக்க வேண்டிய தட்டுக் குழியில் நீ இருக்கிறாய். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், உருளைக்கிழங்கை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சோறும் மாவு, நீயும் மாவு. காய் என்ற பெயரில் இன்னொரு பங்கு மாவைத்தான் தட்டில் வைக்கிறோம்.

தமிழ்நாட்டில் 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் உயரத்துக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். நீ மட்டும் காரணம் என்று சொன்னால் அநியாயம். ராத்திரி ஷிஃப்ட், தூக்கமின்மை, இனிப்பு டீ எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் 2025 ஆகஸ்டில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஆய்வு, உன் உறவான குச்சி குச்சியாகப் பொரித்த கிழங்கைத் தனியாகவே பிரித்துப் பார்த்தது. வாரம் மூன்று பங்கு அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. வேகவைத்ததிலும் சுட்டதிலும் அப்படிக் குறிப்பிடும்படி எதுவும் தெரியவில்லை. கிழங்கைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உன்னைப் பிடிக்கும். அதனால்தான் தம்பிக்கு உன்னை நிறுத்தச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். தோலோடு முக்கால் பதம் வேகவைத்து, ஆறவிட்டு நறுக்கி, தோசைக்கல்லில் கால் கிலோவுக்கு இரண்டே டீஸ்பூன் எண்ணெய். மிளகு, பூண்டு, கறிவேப்பிலை. ஆளுக்கு 100 கிராம், உள்ளங்கை அளவு. அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி குறையும், அப்பளம் கிடையாது, சாயங்கால டீயோடு பஜ்ஜியும் கிடையாது. மற்ற நாளில் மெஸ்ஸில் சுண்டலோ முட்டையோ கேட்டு வாங்கச் சொன்னேன். மொறுமொறுப்பு கொஞ்சம் குறைகிறது என்றான். அது உண்மைதான்.

வீட்டில் அவன் பார்த்துக்கொள்வான். கேன்டீன் தட்டு அவன் கையில் இல்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்று வகைசெய்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளருக்கும் இடம் உண்டு என்று சொன்னது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கேன்டீன் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: வாரத்தில் ஐந்து நாள் தட்டில் கீரையோ, அவரையோ, முட்டைக்கோஸோ வரட்டும். வறுவல் ஒரு நாள் போதும்.