நாய்கள் ஜாக்கிரதை

வீட்டுக் காவல் பற்றி ராஜபாளையத்துக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெயரிலேயே ஒரு காவல் நாய் இருக்கிறது. 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை போட்டுக் கௌரவித்த நாய். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, எஜமானரைத் தவிர எவரையும் சட்டை செய்யாத மிடுக்கு. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதுதான் கொஞ்சம் இடிக்கும்.

ஆனால் நாயைப் பட்டினி போட முடியுமா? ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா வீட்டுக்குக் கிளம்பும் குடும்பம் அதையும் காரில் ஏற்றிக்கொள்கிறது. வீட்டுக்குக் காவல், கேட்டில் தொங்கும் "நாய்கள் ஜாக்கிரதை" பலகை.

சாவி துளசி மாடத்துக்குப் பின்னால். பால்காரர், கேஸ் போடுபவர், இஸ்திரிக்காரர் என எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். வாசலில் கோலம் இல்லை. கேட்டில் மூன்று நாள் பேப்பர். பட்டப்பகலில் எரியும் வாசல் விளக்கு. ஆளில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நோட்டீஸ் அடித்து ஒட்ட முடியாதுதான். அதனால் என்ன, தேர் வடத்தைப் பிடித்தபடி எடுத்த படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது: "குடும்பத்துடன், ஞாயிறு வரை."

வெளியூர் போகுமுன் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று போலீஸ் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த வீட்டு மாமா ஒப்பவில்லை. "அங்க போய் எதுக்குப்பா சொல்லணும்? வீட்டுல ஆளில்லைன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுடும்ல?"

பக்கத்து வீட்டு அத்தையிடம் மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கூலி, கால் கிலோ பால்கோவா. அதை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூரில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்றது அத்தை.