சில்க் போர்டைக் கடந்த சட்டை

வேலைக்கான நேர்முகத் தேர்வு என்பது, வேலை கேட்டு வந்தவரும் வேலை கொடுப்பவரும் முக்கால் மணி நேரம் எதிரெதிரே அமர்ந்து, தத்தம் குறைகளைத் தவிர மற்ற அனைத்தையும் பற்றி மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் ஒரு சடங்கு என்று வரையறுக்கலாம். இச்சடங்கில் வாய் திறக்கும் முன்பே பேசிவிடுவது ஆடை என்பதால், அதைத் தேர்ந்தெடுக்கும் கவலை பாடத்தைப் படிக்கும் கவலையை எளிதில் விழுங்கிவிடுகிறது. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பதைக் கணக்காக எடுத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தால், நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்புக்கும், இடையில் எழுதித் தீர்த்த அரியர்களுக்கும் அதில் ஒரு விழுக்காடுகூட ஒதுக்கப்படவில்லை என்பது தெரியவரும். உணவு தன் விருப்பம், தோற்றம் பிறர் விருப்பம் என்று பொருள்படும் கன்னடப் பழமொழி இன்னும் வெளிப்படையானது. ஆனால் அந்தப் 'பிறர்' யார், அவர் இன்று எதை உடுத்திக்கொண்டு வந்திருப்பார் என்பது முன்கூட்டித் தெரியாமல் போனதே பெங்களூருவில் வேலை தேடுவோரின் இன்றைய சிக்கல்.

முன்பு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்த விசுவேசுவரய்யாவின் படங்களில் கோட்டும் டையும் கழுத்துவரை ஐரோப்பாவைக் காட்ட, தலையில் இருக்கும் மைசூர்ப் பேட்டா மேலே உள்ள பகுதி உள்ளூர் ஆட்சிக்கு உட்பட்டது என்பதை உறுதிசெய்கிறது. அவருக்குப் பின் 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1954இல் பி.ஈ.எல். என்று பெரிய ஆலைகள் வந்தபோது, வேலை தேடியவரின் சீருடை வெளிர்நிறச் சட்டை, அடர்நிறப் பேன்ட், அவற்றை இணைக்கும் 'இன்' என்று நிலைபெற்றது. 'இன் பண்ணுதல்' என்பது சட்டையின் கீழ்ப்பகுதியைப் பேன்ட்டுக்குள் செருகி, மூச்சையும் வயிற்றையும் சேர்த்து உள்ளிழுத்துக்கொள்ளும் செயலாகும். ஆங்கிலத்தின் ஒரு சிறு சொல்லைத் தமிழர் ஒரு முழு வாழ்க்கை முறையாக வளர்த்தெடுத்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

பெண் விண்ணப்பதாரரின் வரலாறு வேறு. 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் படிப்பில் இருந்த சுதா மூர்த்தி, பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்ற, டாட்டா குழுமத்தைச் சேர்ந்த டெல்கோ நிறுவனத்தின் விளம்பரத்தைக் கண்டு கொதித்து ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே அஞ்சலட்டை எழுதியதும், அதன் பயனாகப் புனேயில் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. அவ்வளவாக நினைவுகூரப்படாத செய்தி, இலவசமாகப் புனே போகும் வாய்ப்பை வீணாக்கக்கூடாது என்று விடுதித் தோழியர் வற்புறுத்தியதால், அங்கிருந்து சேலை வாங்கிவர ஆளுக்கு 30 ரூபாய் வசூலித்துக்கொண்டு அவர் புறப்பட்டார் என்பது. தேர்வுக்கு எந்தச் சேலை என்று கலங்குவதற்குப் பதிலாக, சேலைக்காக ஒரு தேர்வு என்று முறையை மாற்றிப்போட்ட இந்த அணுகுமுறை பின்னாளில் யாராலும் பின்பற்றப்படவில்லை. இன்றைய பெண்ணுக்கோ, சேலை கட்டினால் பள்ளிக்கூட வேலைக்கு வந்தவர், சுடிதார் போட்டால் இன்னும் கல்லூரியை விடாதவர், பிளேசர் மாட்டினால் கேள்வி கேட்க வந்தவர் என்று மூன்று தவறான விடைகளிலிருந்து சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வழங்கப்பட்டுள்ளது.

மென்பொருள் நிறுவனங்கள் பெருகியபோது 'ஃபார்மல்' சட்டைக்கு ஒரு பொற்காலம் வந்தது. அச்சட்டையின் குலமுறையை ஆராய்ந்தால் அது மதுரையில் போய் முடிகிறது. ஹார்வி சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அம்பாசமுத்திரத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் எழுப்பிய பஞ்சாலைகளே பின்னர் மதுரா கோட்ஸ் ஆக, அதன் ஆடைப் பிரிவான மதுரா கார்மென்ட்ஸ் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு லூயி பிலிப், வான் ஹியூசன் ஆகிய பெயர்களில் சட்டை விற்றது. லூயி பிலிப் என்பவர் 1830இல் பிரான்சின் அரசராகி, 1848இல் புரட்சிக்கு அஞ்சி முடி துறந்து இங்கிலாந்துக்கு ஓடியவர். இருந்த வேலையையும் இழந்த ஒருவரின் பெயரைச் சட்டையில் தாங்கிக்கொண்டு, உசிலம்பட்டியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இளைஞர்கள் வேலை கேட்டு வந்தார்கள். பெரும்பாலோருக்குக் கிடைக்கவும் செய்தது என்பதால் சகுனத்தைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

அதே நிறுவனம் 1993இல் ஆலன் சாலி என்ற பெயரைக் கொண்டுவந்து, வெள்ளிக்கிழமைக்கென்று தனி உடை உண்டு என்ற கருத்தைப் பரப்பியது. வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல் என்றிருந்த சமூகத்துக்கு இது புதிது. முறையான உடையை வலியுறுத்திவந்த இன்ஃபோசிஸ் நிறுவனமும், விஷால் சிக்கா தலைமைச் செயல் அலுவலராக இருந்த 2015இல், வாரம் முழுவதும் இயல்பான உடையில் வரலாம் என்று அறிவித்துவிட்டது. அதற்கு முன்பே, 2012இல், தம் நிறுவனப் பங்குகளை விற்க வால் ஸ்ட்ரீட் முதலீட்டாளர்களைப் பார்க்கப் போன மார்க் சக்கர்பெர்க் தொப்பி வைத்த பனியன் சட்டையில் போய் நின்றது, புதுத்தொழில் நிறுவனங்கள் நிறைந்த கோரமங்கலாவிலும் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும் நன்கு கவனிக்கப்பட்டிருந்தது. விளைவாக, கேள்வி கேட்பவர் அரைக்கால் சட்டையும் செருப்புமாக வந்து அமர, பதில் சொல்பவர் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வியர்க்கும் காட்சி இந்நகரின் புதிய திணையாயிற்று.

விதி தளர்ந்தால் கவலையும் தளரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு, நடந்தது நேர்மாறு. டை கட்டு என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிய டை ஒன்று போதும். மனிதவள அலுவலர் தொலைபேசியில் "நார்மலா வாங்க, ஸ்மார்ட் கேஷுவல் போதும்" என்று சொல்லிவிட்டால், அந்த 'நார்மல்' எந்தத் தெருவின் நார்மல் என்று கண்டறிய பி.டி.எம். லேஅவுட் பீஜி அறையில், அதாவது உணவும் கட்டிலும் தந்து அலமாரியில் பாதியை மட்டும் ஒதுக்கும் வாடகை விடுதியில், மூன்று அறைத்தோழர்கள் கூடி இரவு ஒரு மணிவரை விவாதிக்க வேண்டியிருக்கிறது. 'ஸ்மார்ட் கேஷுவல்' என்பது, மிகுந்த அக்கறையோடு உடுத்திவிட்டு அக்கறையே இல்லாததுபோல் தோன்றுவது. இதற்குத் தேவையான வெள்ளைக் காலணி அறையில் எப்போதும் ஒருவரிடமே இருக்கும், அதுவும் ஓர் அளவு சிறியதாக இருக்கும். டி-ஷர்ட் சுதந்திரம் வேலையில் இருப்பவருக்கே உரியது, வேலை கேட்பவருக்கு அது இன்னும் வழங்கப்படவில்லை என்பதை இளைஞர்கள் சொல்லாமலே உணர்ந்திருப்பதால், முடிவில் அதே வெளிர்நீலச் சட்டை இஸ்திரி வண்டிக்குப் போகிறது.

இதற்கிடையே பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூர் சாலையிலும் உள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் இச்சட்டைகளைத் தைக்கும் பெண்களுக்கு நடக்கும் தேர்வு, கேள்விகளின்றி, மிஷினில் உட்கார்த்தி ஒரு காலரைத் தைத்துக் காட்டச் சொல்வதோடு முடிந்துவிடுகிறது; இந்நகரில் சட்டையைப் பற்றி மட்டுமே நடக்கும் ஒரே நேர்மையான தேர்வு அதுதான்.

இஸ்திரி போட்ட சட்டைக்கு அடுத்த பகை சாலை. எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் வழியில், எந்தத் துணியும் கசங்காமல் தப்பாத இடம் சில்க் போர்டு சந்திப்பு என்பதும், அப்பெயர் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்ட மத்தியப் பட்டு வாரியத்தின் அலுவலகத்தால் வந்தது என்பதும், துணியைக் காக்க ஏற்பட்ட ஓர் அமைப்பின் வாசலிலேயே துணிக்கு நேரும் கதியை எண்ணிப் பார்ப்பவருக்கு வருத்தம் தரும். பஸ்ஸில் போனால் முதுகும், பைக்கில் போனால் தலைமுடியும், ஆட்டோவில் போனால் பணமும் கசங்கும். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திராவரை மஞ்சள் தட மெட்ரோ திறக்கப்பட்டதை நகரின் போக்குவரத்து வரலாற்றில் சேர்ப்பார்கள். சட்டையின் வரலாற்றில் சேர்ப்பதே பொருத்தம்.

வேட்டியைப் பற்றியும் ஒரு சொல் தேவை. சென்னையில் கிரிக்கெட் சங்க மன்றம் ஒன்றில் வேட்டி கட்டிய நீதிபதிக்கு அனுமதி மறுக்கப்பட்டதை அடுத்து, 2014இல் தமிழ்நாடு அரசு அத்தகைய தடைகளை நீக்கச் சட்டமே இயற்றியது. 2024இல் பெங்களூருவில் வேட்டி கட்டிய விவசாயியைத் தடுத்த வணிக வளாகத்தை ஏழு நாள் மூட அரசு உத்தரவிட்டது. ஆகவே வேட்டியோடு உள்ளே போகலாம். வேலை தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

2020இல் பெருந்தொற்று வந்து தேர்வுகள் கணினித் திரைக்கு மாறியபோது, 'நேர்முகம்' என்ற சொல் முதன்முறையாக அதன் நேர்ப்பொருளை அடைந்தது. முகம் மட்டுமே தேவைப்பட்டது. மனிதர் பிறர்முன் நடிக்கும் முன்மேடை, நடிப்பைக் கழற்றிவைக்கும் பின்மேடை என இரண்டு உண்டு என்று கூறிய சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், அவ்விரண்டும் ஒரே உடலில் இடுப்பை எல்லையாகக் கொண்டு அமையும் என்றும், கீழ்ப்பகுதி லுங்கியாக இருக்கும் என்றும் எண்ணியிருக்க மாட்டார்.

இப்போது மீண்டும் நேரில் வரச் சொல்கிறார்கள். கடன் வாங்கிய காலணியும் கசங்காமல் காப்பாற்றிய சட்டையுமாக விண்ணப்பதாரர் வரவேற்பறையை அடைந்ததும், காவலர் அவருடைய பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அகன்ற நாடாவில் கோத்த 'விசிட்டர்' அட்டை ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்கிறார். அது முன்பு டை தொங்கிய அதே இடத்தில், அதே நீளத்தில், சட்டையின் பொத்தான்களை முழுதாக மறைத்துக்கொண்டு தொங்குகிறது.